வழியோரப் பாத்தியில் பதினேழு

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் விதைக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயரெல்லாம் ஜெயித்த பிறகு. தோற்ற எண்ணை அரைத்து மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடுவோம். நான் அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் களப் பணியாளன். விதைப்பது, அளப்பது, கதிர் எண்ணுவது, டாக்டரம்மா கேட்டால் பதில் சொல்வது, கேட்காவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது. இந்தக் கடைசி வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

டாக்டரம்மா பயிருக்கு டாக்டர். பதினோரு வருஷமாக ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். தண்ணீர் குறைந்தாலும் கதிர் பிடிக்கிற மக்காச்சோளம் வேண்டும், அவ்வளவுதான். ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் கதிர் நூலில் தூவுவார். அதன் பிள்ளையை வேறொன்றோடு சேர்ப்பார். தேறியதைப் பொறுக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் ஒன்றைச் சொல்வார்: "ஒரு செடி நல்லா வந்தா பாதி அதோட பிறப்பு, பாதி அது நிக்கிற மண்ணு. எது பிறப்பால வந்தது, எது மண்ணால வந்ததுன்னு பிரிக்கத் தெரியலைன்னா நாம எல்லாரும் சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறோம்."

அதைப் பிரிக்கத்தான் குலுக்கல். சோதனை வயலை மூன்று துண்டாகப் பிரிப்போம். ஒவ்வொரு துண்டிலும் இருபத்துநாலு பாத்தி, இருபத்துநாலு எண். எந்த எண் எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தாளில் கொடுத்துவிடும். நல்ல மண் ஒரே எண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரே எண் இங்கே மூன்றாவது பாத்தியில் இருக்கும், அங்கே பத்தொன்பதாவதில் இருக்கும். கொளுத்துகிற வெயிலில் விதைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தேடி அலைகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த வருஷம் விதைப்பு அன்று பதினேழாம் எண் பொட்டலத்தை மட்டும் காணோம். குளிர் அறையில் தலைகீழாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஆட்கள் வந்து நிற்கிறார்கள், மேகம் கறுத்து நிற்கிறது. தாளின்படி பதினேழுக்கு உரிய மூன்று பாத்திகளும் உள்ளே இருந்தன. அவற்றைக் காலியாக விட்டு, மறுநாள் சேற்றில் உள்ளே இறங்கினால் சுற்றியிருக்கிற பாத்தியெல்லாம் மிதிபட்டுப் போகும். நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதே பெரிய வார்த்தை. வயலைக் கோணலாக வெட்டிக்கொண்டு ஒரு நடைவழி போகும், மூன்று துண்டையும் அது தொடும். ஒவ்வொரு துண்டிலும் வழியோரத்தில் வர வேண்டிய ஓர் எண்ணைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, வழியோரப் பாத்தியைப் பதினேழுக்கு ஒதுக்கினேன். மறுநாள் பொட்டலம் கிடைத்தது. வழியில் நின்றபடியே விதைத்து முடித்தோம், காலில் சேறு ஒட்டவில்லை.

எது எங்கே நிற்கிறதோ அதைத்தான் பாத்தி முனையில் குத்துகிற எண் பட்டையில் எழுதி நட்டேன். அதில் பொய் இல்லை. மண் எல்லாம் ஒரே மண்தானே என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் கேட்ட பாடம் இந்த மண்டையில் அந்த லட்சணத்தில்தான் ஏறியிருந்தது.

டாக்டரம்மா திரும்பி வந்து வயலைச் சுற்றினார். கையில் தாள் இருந்தது, ஆனால் விரித்துப் பார்க்கவில்லை. "நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அது சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை.

பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் தண்ணீரை நிறுத்தினோம். ஐந்து வாரம் ஒரு சொட்டு விடவில்லை. அதுதான் பரீட்சை. இலைகள் சுருண்டுகொண்டன. கதிர் நூல் பல பாத்திகளில் வெளியே வரவே இல்லை, வந்ததும் கருகியது. வழியோரம் நின்ற வேறு ஒன்றிரண்டு எண்கள் ஒரு துண்டில் நன்றாக வந்து, மற்ற இரண்டு துண்டிலும் காய்ந்தன. அப்படி வந்தால் அது மண்ணின் புண்ணியம், விதையின் புண்ணியம் இல்லை என்று தள்ளிவிடுவோம். பதினேழு மூன்று துண்டிலும் பச்சைப் பசேல் என்று நின்றது. கதிரை உரித்தால் நுனிவரை மணி.

டாக்டரம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் கண் கலங்கியது. பண்ணை இயக்குநர் வந்து எனக்குக் கை கொடுத்தார். டாக்டரம்மாவும் நானும் பதினேழோடு நிற்கிற படம் பத்திரிகையில் வந்தது. என் மூஞ்சி பாதிதான் விழுந்திருந்தது, அதற்கே நான் பத்துப் பிரதி வாங்கினேன்.

அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரே தங்கை. அப்பா போன பிறகு நான் தூக்கி வளர்த்தவள். அவள் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் கல் குவாரியில் துளை போடுகிற மிஷின் பிடித்தவர். கல் தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். "இனி குவாரிக்கு அனுப்புறதா இருந்தா, திரும்ப இங்க கூட்டிட்டு வராதீங்க. பார்க்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அதனால் இருக்கிற மேட்டு நிலத்தை நம்பி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. வருஷா வருஷம் கம்பு விதைத்து அரை வயிறும் கால் வயிறுமாக ஓட்டினார்கள். நிலம் ஒரு போகம் கையை விரித்தால் குவாரி வண்டி வாசலுக்கு வரும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாப்பிள்ளை படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்ன மச்சான், செடி உங்களைவிட லட்சணமா இருக்கு!"

"பக்கத்துல நிக்கிறவன் அப்படி. என்ன வச்சாலும் லட்சணமாத்தான் தெரியும்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த விதை எங்களுக்குக் கிடைக்காதா அண்ணா? மழை இல்லாட்டியும் வரும்னு போட்டிருக்கே" என்றாள்.

"அப்புறம் உன் அண்ணன் எதுக்கு இருக்கான்?" என்றேன். வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல.

அடுத்த போகம் பதினேழைப் பண்ணையில் பெருக்கினோம். அதற்கடுத்த போகத்துக்குப் பத்து விவசாயிகளைத் தேர்ந்தெடுத்து அவரவர் நிலத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஆளுக்குக் கால் ஏக்கருக்கு மட்டும் விதை. மீதி நிலத்தில் எப்போதும் போடுவதையே போட வேண்டும், தவறிப்போனாலும் சாப்பாட்டுக்கு இருக்கும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. நான் மாப்பிள்ளையைப் பட்டியலில் நுழைத்தேன். அதோடு நின்றேனா? நிலம் முழுவதற்கும் போதுகிற விதையை யாரையும் கேட்காமல் மூட்டை கட்டி, என் வண்டியிலேயே வைத்துக் கொண்டுபோய் இறக்கினேன். என் தங்கைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

விதைப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சோதனை வயலின் நடைவழியில் பைப் ஃபிட்டர் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வயலுக்குப் போகிற குழாய் அந்த வழிக்கு அடியில்தான் போகிறது. அங்கே தண்ணீர் சரியாக வரவில்லை என்று புகார். இடுப்பளவு ஆழத்தில் மண் பிசைந்த மாவு போலக் கிடந்தது.

"இங்க பாருங்க, மூட்டுக்கு மூட்டு கசியுது" என்றார் ஃபிட்டர். "நாலஞ்சு வருஷமா கசிஞ்சிருக்கும். வழி ஓரத்துல நீங்க செருப்பை நட்டாக்கூட முளைச்சிருக்கும் சார்."

அவர் சிரித்தார், கூடவே நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் பதினேழு நின்ற இடம் ஞாபகம் வந்தது.

பதினேழு தாகத்தைத் தாங்கவே இல்லை. அதற்குத் தாகமே எடுக்கவில்லை. நாங்கள் மேலே தண்ணீரை அடைத்துவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க, அது கீழே வேரை இறக்கி ஐந்து வாரமும் குடித்திருக்கிறது. குலுக்கல் சொன்ன இடத்தில் நின்றிருந்தால் மற்றவற்றோடு சேர்ந்து காய்ந்திருக்கும். மூன்று துண்டிலும் தண்ணீர்ப் பக்கமாகப் பார்த்துக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான்.

டாக்டரம்மாவின் அறை வாசல் வரை போனேன். கதவு திறந்திருந்தது. போனில் யாரிடமோ பதினேழைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. போனைப் பொத்திக்கொண்டு, "என்ன விஷயம்?" என்றார்.

"வழிக்குக் கீழ குழாய் கசியுதும்மா. ஃபிட்டர் மாத்திக்கிட்டு இருக்கார்."

"சரி, முடிச்சிடச் சொல்லுங்க."

குழாய் கசிந்தால் ஏதோ ஒரு துண்டில் ஏதோ ஓர் எண்ணுக்கு லாபம், அதைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும் என்று அவர் விட்டிருப்பார். ஒரே எண்ணைப் பிடித்து மூன்று இடத்திலும் வழியோரத்தில் வைக்கிற கிறுக்கன் ஒருவன் தன் பண்ணையில் இருப்பான் என்று அவர் எப்படி நினைப்பார்? நான் மென்று முழுங்கிவிட்டுத் திரும்பினேன். பயம். வேறு காரணம் ஜோடித்துப் பார்க்காமல் இல்லை. எல்லாம் பயத்தில்தான் போய் முடிந்தது.

பண்ணையில் சொல்லாவிட்டால் போகிறது, தங்கையிடமாவது சொல்லிவிடுவோம் என்று மறுநாள் காலையிலேயே ஓடினேன். முந்தின நாள் அங்கே நல்ல மழை. அவர்கள் அதற்குள் விதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை முன்னால் குழி போட்டுக்கொண்டு போக, தங்கை பின்னாலேயே விதையைப் போட்டுக் காலால் மூடிக்கொண்டு வந்தாள். கால்வாசி நிலம்கூட முடியவில்லை. அப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"பாதிக்குக் கம்பு போட்டு வைங்களேன் மாப்ள" என்றேன்.

"கம்பு விதையைத்தான் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துட்டேனே. இன்னும் விதைச்சிருக்க மாட்டார். வேணும்னா திரும்பக் கேக்கலாம்." அவர் குழி போடுகிற கழியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஏன் மச்சான்? உங்க விதை மேல உங்களுக்கே சந்தேகமா?"

தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குக் கூட இப்படி வயித்துல அடிக்காதீங்க" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த குழியைப் போட்டார். நான் அன்று மத்தியானம் வரை அவர்களோடு நின்று விதை போட்டுக் கொடுத்தேன். என் கையால்.

முதல் ஒன்றரை மாதம் மழை குறைவில்லை. பயிர் ஆள் உயரத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, சரியாகப் பூக்கிற நேரத்தில், வானம் கதவைச் சாத்திக்கொண்டது. நாங்கள் பண்ணையில் நடத்திய பரீட்சை அங்கே நிஜமாக நடந்தது, குழாய் மட்டும் இல்லை. மழை நின்ற ஆறாவது வாரம் மாப்பிள்ளை ஒரு கதிரை ஒடித்து எடுத்துக்கொண்டு பண்ணைக்கே வந்துவிட்டார். உரித்துக் காட்டினார். அங்கொன்று இங்கொன்றாக ஏழெட்டு மணி, மீதியெல்லாம் வெறும் சக்கை. "எல்லாமே இப்படித்தான் இருக்கு மச்சான். பத்து ஒடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

பத்துப் பேரில் ஆறு பேர் ஊரில் பூக்கும் நேரத்தில் மழை பெய்து பயிர் தேறியிருந்தது. மூன்று பேருக்கு மழை குறைந்து கால் ஏக்கரில் பாதி போனது, மீதி நிலத்தால் தப்பித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் போனது மாப்பிள்ளை ஒருவருக்குத்தான். டாக்டரம்மா ஒரு படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது என் தங்கை வீடு என்றோ, நிலம் முழுக்கப் பதினேழுதான் என்றோ அவருக்குத் தெரியாது.

"விதையில தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. மூணு துண்டுலயும் ஜெயிச்ச ரகம் அது. வளர்ப்புலதான் ஏதோ கோளாறு பண்ணியிருக்காங்க. தண்ணி இல்லாத நேரத்துல செடி நெருக்கமா நின்னா கதிர் பிடிக்காது. நேர்ல போய் எண்ணிப் பார்த்து எழுதிட்டு வாங்க."

படிவத்தில் கடைசியில் இரண்டு கட்டம். ஒன்றில் 'விதை', இன்னொன்றில் 'வளர்ப்பு'. ஒன்றில்தான் குறி போட வேண்டும்.

நெருக்கம் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரிசையில் பத்து மீட்டர் டேப்பை நீட்டி, அதற்குள் எத்தனை செடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஐம்பது இருந்தால் சரி. மாப்பிள்ளை டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தார், நின்றால் இருமல் வந்தது. தங்கை எனக்குப் பின்னால் நின்றாள். நான் எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்பது. அடுத்த வரிசையில் ஐம்பது. அதற்கடுத்ததிலும் ஐம்பது. எங்கள் பண்ணையில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் செடி கலைத்துவிட்டதில்லை. முளைத்து வந்ததில் அதிகப்படியைப் பிடுங்கிவிட்டு இடைவெளி விட்டது யார் என்று எனக்குத் தெரியும். குனிந்து செய்தால் மூச்சு முட்டும் என்று மாப்பிள்ளையை அந்த வேலையில் விடமாட்டாள்.

"எத்தனை மச்சான்?" என்று அவர் அங்கிருந்து கத்தினார்.

ஐம்பது என்றால், விதை. விதை என்றால் டாக்டரம்மா தாளை எடுத்து விரிப்பார், அன்று பட்டையைப் பார்த்து எழுதிய களக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாம் ஒரு நொடியில் கண்முன்னால் ஓடியது.

"எழுபது" என்றேன்.

"எழுபதா!"

"எழுபது மாப்ள. நெருக்கம் ஜாஸ்தி. அதான் கதிர் பிடிக்கல."

அவர் டேப்பை விட்டுவிட்டு எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டித் தங்கையைப் பார்த்தார். "நீதானே கலைச்சே?"

சத்தியமாக அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு எண்ணைச் சொன்னேன், அது யார் தலையில் போய் விழும் என்று பார்க்கவில்லை.

"சாணுக்கு ஒண்ணுதானே விட்டேன்" என்றாள் தங்கை. "எழுபது எப்படி இருக்கும்? இருங்க." குனிந்து தண்டு தண்டாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்து, இருபது, முப்பது. வரிசையின் முடிவு வரை போனாள். அங்கே நின்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு வந்து நின்றால் பார்ப்பாளே, அதே பார்வை. நான் படிவத்தில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"எத்தனைடி?"

அவள் என்மேலிருந்து பார்வையை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா சொன்னது சரிதான். எழுபதுக்கும் மேலயே இருக்கு. அன்னிக்கு அவசரத்துல கலைச்சேன்."

மாப்பிள்ளை வரப்பில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இருமினார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஒரு போகத்தையே கலைச்சுட்டியே" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "விதையில தப்பில்லையே, அது போதும் மச்சான். அடுத்த வருஷத்துக்கும் பதினேழையே எனக்கு எடுத்து வைங்க. நாலு மாசம் குவாரிக்குப் போய்ட்டு வந்துடறேன். கலைக்கிற வேலைக்கு நானே இறங்குறேன்" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் 'வளர்ப்பு' கட்டத்தில் குறி போட்டேன்.

வண்டியை எடுக்கும்போது தங்கை பின்னால் வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குள் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"விதைதானே?" என்றாள்.

"விதைதான்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்று அந்த ஒரு இடத்தில்தான் என்னால் முடியவில்லை. "நீங்க விதைக்கிறதுக்கு முந்தின நாள்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. 

"நான் உள்ள போய் அவர்கிட்ட சொல்லிடறேன் தங்கச்சி. இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லி? கதிர் பிடிக்கப் போகுதா? எப்படியும் அவர் குவாரி வண்டியில ஏறித்தான் ஆகணும். என்மேல கோவப்பட்டுக்கிட்டாவது போகட்டும். அடுத்த வருஷம் விளையும்னு நினைச்சுக்கிட்டுப் போறார், அதையும் பிடுங்கிடாதே."

"தங்கச்சி..."

"நாலு மாசம்னு சொல்லியிருக்கார். திரும்பி வந்தா நீயே வந்து அவர்கிட்ட சொல்லு. வரலைன்னா, நீயும் வராதே."

திங்கட்கிழமை வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. இன்றோடு ஐந்து மாதம் ஆகிறது, அவர் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. நான் இன்னும் தங்கை வீட்டுக்குப் போகவில்லை.